கார்பன் கழி ஏன் நீளவாக்கில் பிளக்கிறது?

பிரிட்டனின் குடியிருப்புத் தெருக்களில் ஜன்னல் துடைக்கும் தொழிலாளர்கள் பலர் இப்போது ஏணி ஏறுவதில்லை. பத்துப் பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள கறுப்புக் கழியைத் தரையில் நின்றபடியே தூக்கி, மேல்மாடிக் கண்ணாடியைக் கழுவிவிடுகிறார்கள். கழியின் நுனியில் பிரஷ் இருக்கும். உப்பு நீக்கிய தண்ணீர் மெல்லிய ஹோஸ் வழியாக அதற்கு ஏறும். அந்தத் தண்ணீர் காய்ந்தாலும் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளி விழாது. துணியால் துடைக்க வேண்டியதும் இல்லை. உயரத்தில் செய்யும் வேலைகளுக்காக 2005இல் அங்கே வந்த விதிமுறைகள், தவிர்க்க முடிந்த இடத்தில் உயரத்துக்கே போகக் கூடாது என்றன. இந்தக் கழிக்கு அதைவிட நல்ல காரணம் வேறு வேண்டியதில்லை.

ஒன்றுக்குள் ஒன்று செருகிய ஐந்தாறு குழாய்கள், ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு கிளாம்ப். கழி என்றால் இவ்வளவுதான். முழுக்க நீட்டிப் பிடித்தால் காற்றில் வளையும், ஆடும், சுவரில் இடிக்கும். நாள் முழுக்க இதையெல்லாம் தாங்கிக்கொள்ளும். ஆனால் அதே கழி மடக்கிய நிலையில் தரையில் கிடக்கும்போது கார் சக்கரம் ஒன்று ஏறினால் போதும், அல்லது பூட்ஸ் குதிகால் அழுத்தி மிதித்தால் போதும். வாயிலிருந்து உள்நோக்கி ஒரு நீளக்கோடு ஓடிவிடும். விமானம் கட்டுகிற பொருள் காலடியில் பிளப்பது எப்படி?

விடை மூங்கிலில் இருக்கிறது. பச்சை மூங்கிலைக் குறுக்கே ஒடிக்க முயன்றால் வளையும், முறுகும், சுலபத்தில் ஒடியாது. அதையே செங்குத்தாக நிறுத்தி, வெட்டுமுனையில் அரிவாளை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் சரசரவென்று அடிவரை பிளக்கும். மூங்கிலின் வலிமை நீளவாக்கில் ஓடும் செல்லுலோஸ் நார்களில் இருக்கிறது. அந்த நார்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடிப்பது லிக்னின் கலந்த மெல்லிய இடைப்பொருள். ஒடிக்கும்போது நாரோடு மோதுகிறோம்; பிளக்கும்போது இடைப்பொருளைப் பிரித்தால் போதும், நார் ஒன்றுகூட அறுபடத் தேவையில்லை. கார்பன் கழியும் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. லிக்னினுக்குப் பதில் அங்கே எப்பாக்ஸி பிசின் இருக்கிறது. இரண்டு டியூபிலிருந்து பிதுக்கிக் குழைத்து ஒட்டுகிறோமே அரால்டைட், அந்தக் குடும்பம்.

ஒரு முக்கியமான வித்தியாசமும் உண்டு. மூங்கிலுக்குக் கணு இருக்கிறது. குழாய் நசுங்குவதையும் பிளவு தானாக மேலே ஓடுவதையும் அது ஓரளவு தடுக்கும். கழிக்குள் கணு வைக்க வழியில்லை, ஏனென்றால் உள்ளே அடுத்த குழாய் ஓடியாக வேண்டும்.

இனி அந்த இழையைப் பார்ப்போம். கார்பன் இழையைப் பெரும்பாலும் பாலிஅக்ரிலோநைட்ரைல் என்ற செயற்கை நூலிலிருந்து செய்கிறார்கள். ஸ்வெட்டர் பின்னும் அக்ரிலிக் நூலுக்கு நெருங்கிய உறவு அது. முதலில் அதைக் காற்றில் 200 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். பிறகு ஆக்சிஜன் இல்லாத உலையில் 1000 டிகிரிக்கு மேலே கொண்டுபோகிறார்கள். எரிய வழியில்லாத நூலிலிருந்து மற்ற அணுக்கள் வெளியேற, ஏறக்குறைய கார்பன் மட்டும் மிஞ்சுகிறது. ஜப்பானில் ஒசாகாவில் அகியோ ஷிண்டோ 1960ஐ ஒட்டி இந்த வழியைக் காட்டினார். இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் வில்லியம் வாட், லெஸ்லி பிலிப்ஸ், ஜான்சன் ஆகியோர் 1960களின் முதல் பாதியில் ஒரு நுட்பத்தைச் சேர்த்தார்கள். முதல் சூட்டின்போது நூல் சுருங்கிவிடாமல் இழுத்துப் பிடித்தார்கள். அதனால் கார்பன் அணுத் தளங்கள் இழையின் நீளத்தை ஒட்டி வரிசையாக அமைந்தன. விறைப்பு பல மடங்கு கூடியது.

இப்படிக் கிடைக்கும் இழையின் தடிமன் 5 முதல் 7 மைக்ரான், தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு. மெல்லிசாக இருப்பதே அதற்குப் பலம். இதைச் சொன்னவரும் ஃபார்ன்பரோக்காரர்தான். 1920ஐ ஒட்டி ஏ. ஏ. கிரிஃபித் கண்ணாடியை மேலும் மேலும் மெல்லிய இழையாக இழுத்து அறுத்துப் பார்த்தார். மெலிய மெலிய, ஒரே அளவு குறுக்குவெட்டுக்கு அது தாங்கும் சுமை ஏறிக்கொண்டே போனது. பொருள் உடைவது அதன் சராசரி வலிமையால் அல்ல, அதிலுள்ள மோசமான நுண்கீறலால் என்று அவர் விளக்கினார். கீறலின் கூரிய நுனியில் விசை குவிகிறது. மெல்லிய இழையில் பெரிய கீறலுக்கு இடமே கிடையாது. பழுதுபார்ப்புக்கு வரும்போது கிரிஃபித் மீண்டும் தேவைப்படுவார்.

இழைகளை ஒரே திசையில் அடுக்கிப் பிசினில் தோய்த்து இறுக்கிய பொருளை இழைத் திசையில் இழுத்துப் பார்த்தால், ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுக்கு ஏறத்தாழ 150 கிலோ எடையைத் தாங்கும். அதே பொருளைக் குறுக்கே இழுத்தால் 5 கிலோவை ஒட்டியே பிரிந்துவிடும். இரும்பில் இந்தப் பேதம் கிடையாது. எந்தப் பக்கம் இழுத்தாலும் கிட்டத்தட்ட ஒரே வலிமை. குறுக்கே சுமையைத் தாங்குவது பிசினும், பிசின் இழையைப் பற்றியிருக்கும் பிடியும்தான். ஆகவே ஒரு கார்பன் கழியின் ஆயுள் என்பது அதிலுள்ள பிசினின் ஆயுள். பராமரிப்பு, பழுதுபார்ப்பு இரண்டுக்கும் இது ஒன்றே அடிப்படை.

குறுக்கேயும் நிறைய இழை சுற்றிவிட்டால் பிரச்சினை தீருமே என்று தோன்றும். தயாரிப்பாளர்கள் சில அடுக்குகளைச் சுற்றத்தான் செய்கிறார்கள். பிசின் தோய்ந்த இழைத்தாளை எஃகு உருளை மேல் சுருட்டி, மேலே இறுக்கமாக நாடா சுற்றி, அடுப்பில் வேகவைத்து உருளையை உருவுகிறார்கள். ஆனால் சுற்றடுக்கு ஒவ்வொன்றும் எடையைக் கூட்டுமே தவிர, கழி வளைவதைத் தடுக்க அதிகம் உதவாது. வளைவுதான் இங்கே பெரிய எதிரி. நுனியிலுள்ள பிரஷின் பாரத்தால் வரும் வளைவு, கழியின் நீளம் இரட்டித்தால் எட்டு மடங்காகும். கழியின் சொந்த எடையால் வரும் வளைவு பதினாறு மடங்காகும். அதனால்தான் எடைக்கு எடை விறைப்பு எவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கில் இரும்பும் அலுமினியமும் டைட்டானியமும் கிட்டத்தட்டச் சமம். ஒரே திசையில் அடுக்கிய கார்பன் மட்டும் அவற்றைப் போல மூன்று மடங்குக்கும் சற்று மேலே நிற்கிறது. குழாயின் சுவர் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய தடிமனிலேயே நின்றுவிடுவதும், அதில் பெரும்பகுதி இழை நீளவாக்கில் ஓடுவதும் இதனால்தான். தொழிலாளியின் தோளுக்குக் கிடைக்கும் நிம்மதிக்காகக் குறுக்கு வலிமையை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். நியாயமான பேரம் என்றே நினைக்கிறேன். ஆனால் இப்படி ஒரு பேரம் நடந்திருப்பது கழியைப் பிடிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விலை கூடிய கழி அதிக அடியையும் தாங்கும் என்று எண்ணுவதும் சரியல்ல. அதிவிறைப்பு இழை, சாதாரண இழை நீளும் அளவில் பாதி நீள்வதற்குள் அறுந்துவிடுகிறது. விறைப்பு கூடக் கூட அடி தாங்கும் குணம் குறையும். மோதலில் என்ன ஆகும் என்பதை விமானத் துறை பெரும் விலை கொடுத்துக் கற்றது. ரோல்ஸ்-ராய்ஸ் தன் ஆர்பி211 எஞ்சினின் முன்விசிறி இதழ்களைக் கார்பன் இழையில் செய்தது. 1970இல் பறவை மோதல் சோதனையில் அவை சிதறின. நிறுவனம் டைட்டானியத்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று; ஏற்கெனவே எகிறியிருந்த செலவோடு இதுவும் சேர, 1971 பிப்ரவரியில் திவாலானது. கார்பன் இதழ்கள் 1995இல் ஜிஇ90 எஞ்சினோடு பயணிகள் விமானத்தில் பறந்தபோது, அவற்றின் முன்விளிம்பில் டைட்டானியக் கவசம் இருந்தது.

குதிகாலுக்கு அடியில் கழிக்கு என்ன நேர்கிறது? வட்டமான குழாய் நீள்வட்டமாக நசுங்குகிறது. மிதித்த இடத்திலும் தரையைத் தொடும் இடத்திலும் சுவரின் உட்புறம் இழுபடுகிறது. இரண்டு பக்கவாட்டுகளிலும் வெளிப்புறம் இழுபடுகிறது. பிசின் விடக்கூடிய இடங்கள் ஆக நான்கு: உள்ளே இரண்டு, வெளியே இரண்டு. மிதிபட்ட இடத்தை மேலே தடவிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று முடிவுகட்டுவது இதனால் ஆபத்து. அந்த இடத்தில் கீறல் உட்புறத்தில்தான் விழும். வெளிப்புறக் கீறலைத் தேட வேண்டியது கால் வட்டம் தள்ளி, பக்கவாட்டில். துண்டுகளைக் கழற்றி, ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனை வழியாகப் பார்த்தால் பாதி உண்மை தெரிந்துவிடும்.

பிளவு வழக்கமாகக் குழாயின் வாயில் தொடங்கும். நடுப்பகுதிக்கு இரு பக்கமும் தாங்கல் இருக்கிறது. வாய்க்கு ஒரு பக்கம் மட்டுமே. போதாததற்குக் கிளாம்ப் கடிப்பதும் அங்கேதான். கழி வழுக்குகிறதே என்று கிளாம்பை மேலும் மேலும் முறுக்கினால், மிதிப்பதன் வேலையை அது மெதுவாகச் செய்துவிடும். நீட்டும்போது நிறுத்தக் கோட்டைத் தாண்டி இழுப்பது இதைவிட மோசம். இரண்டு குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று இருக்கும் நீளம் பாதியானால், அதே காற்றுக்கும் அதே வளைவுக்கும் உள்குழாய் வெளிக்குழாயின் வாயை நெம்பும் விசை இரட்டிப்பாகும்.

அன்றாடத் தேய்மானத்துக்குக் காரணம் மணல். மணலில் இருப்பது பெரும்பாலும் குவார்ட்ஸ். எப்பாக்ஸியைவிட எவ்வளவோ கடினம். ஈரக் கழியைத் தரையில் கிடத்தினால் மணல் ஒட்டும். மடக்கும்போது குழாய்களுக்கு நடுவே போய் உட்காரும். ஒவ்வொரு நீட்டலிலும் பிசின் பூச்சைக் கொஞ்சம் அரைக்கும். பூச்சு போனதும் இழைகள் வெளியே தெரியும், பிறகு துணுக்குத் துணுக்காக உதிரும். பல மாதம் கழுவாத கழியைப் பிரித்துக் கழுவினால் வடியும் தண்ணீர் சாம்பல் நிறத்தில் இருக்கும். அதில் தெரு அழுக்கோடு கழியின் சுவரும் கலந்திருக்கும். சுவர் தேய்ந்தால் குழாய்கள் கடகடவென்று ஆடும், கிளாம்ப் பிடிக்காது, பிடிக்கவில்லை என்று முறுக்குவார்கள், வாய் பிளக்கும்.

ஆகவே வைத்தியம் எளிது: குழாய்களை முழுக்கக் கழற்றி, நல்ல தண்ணீரில் உள்ளும் புறமும் கழுவி, துணியால் துடைத்து, நிழலில் உலர விட வேண்டும். வேலை முடிந்த அன்றே இதைச் செய்துவிடுவது நல்லது. வழுவழுப்புக்காக எண்ணெயோ சிலிக்கோனோ தடவுவது கெடுதல். எண்ணெய் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கிளாம்பையும் வழுக்கவைக்கும். நிழல் என்று சொன்னதற்கும் காரணம் உண்டு. புற ஊதாக் கதிர் கார்பனை ஒன்றும் செய்யாது, எப்பாக்ஸியைச் சிதைக்கும். மினுமினுப்புப் போய்ச் சுண்ணாம்பு பூத்ததுபோல் வெளிறினால் மேல்பூச்சு போகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். லேசாகத் தேய்த்து, புற ஊதாக் கதிரைத் தாங்கும் பாலியூரித்தேன் வார்னிஷ் அடிக்கலாம். ஆனால் குழாய்களுக்கிடையே உள்ள இடைவெளி மிகக் குறைவு. தடிமனாக அடித்தால் கழி மடங்காது.

கிளாம்பின் அலுமினியப் பாகங்களைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது வேறு கதை. கார்பன் மின்சாரம் கடத்தும். அலுமினியத்தோடு தொட்டுக்கொண்டு நடுவே உப்பு ஈரமும் சேர்ந்தால், சின்ன பேட்டரிபோல் வேலை செய்து அலுமினியத்தை அரித்துவிடும். போயிங் 787இன் எடையில் பாதி இத்தகைய கூட்டுப்பொருள்தான். அங்கே கார்பனோடு சேரும் இடங்களில் டைட்டானியத்தை நிறையப் பயன்படுத்துவதற்கு இது ஒரு காரணம். கடலோர ஊர்களில் கிளாம்பைக் கழற்றி அடிப்பக்கத்தையும் கழுவ வேண்டும்.

வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே அடுக்குகள் மட்டும் பிரிந்திருப்பதும் உண்டு. அடுக்குப் பிரிவு என்று சொல்லப்படும் இந்தக் காயம் சுவரில் மோதினாலே வரும். இதைக் கண்டுபிடிக்க ஒரு நாணயம் போதும். குழாயை இரண்டு துணிச் சுருளின் மேல் கிடத்தி, நாணயத்தின் விளிம்பால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இடம் ‘டிக் டிக்’ என்று கூர்மையாகக் கேட்கும். பிரிந்த இடத்தில் ‘தொப்’பென்று மந்தமாகும். விமானப் பராமரிப்பில் நெடுங்காலமாக இருக்கும் முறை இது. 1980களில் பீட்டர் காலி, ராபர்ட் ஆடம்ஸ் என்ற ஆய்வாளர்கள் இதன் இயக்கத்தை அளந்து பார்த்தார்கள். பிரிந்த இடத்தில் மேலடுக்கு மட்டும் தனியாக அமுங்கிக் கொடுப்பதால், நாணயம் அதைத் தொட்டிருக்கும் நேரம் சற்று நீள்கிறது. தொடும் நேரம் நீண்டால் உயர்ந்த சுருதிகள் எழுவதில்லை. காதுக்கு மந்தமாகக் கேட்கிறது. குழாயின் வாயருகே ஒலி இயல்பாகவே மாறும். எனவே ஒரே தூரத்தில் வட்டமாகச் சுற்றித் தட்டி, ஒரு பக்கத்தை மறுபக்கத்தோடு ஒப்பிட வேண்டும்.

பிளவு உறுதியானால், அது எந்தக் குழாயில், எந்த இடத்தில் என்பதுதான் அடுத்த கேள்வி. கழியின் வடிவமே இதற்குப் பதில் சொல்லிவிடும். எல்லாவற்றுக்கும் வெளியே இருக்கும் அடிக்குழாயின் மேல் எதுவும் சறுக்குவதில்லை. அதன் மேல் எங்கு வேண்டுமானாலும் கட்டுப் போடலாம். மற்றக் குழாய்களின் நடுவில் கட்டுப் போட்டால் கழி மடங்காது. உள்ளே குழாய் செருகி ஒட்டினால் அடுத்த துண்டுக்கு வழி அடைபடும். அவற்றில் பிளவு வாயோடு நின்றிருந்தால் அந்தத் துணுக்கை அறுத்தெறிந்து கிளாம்பை மறுபடி பொருத்தலாம். கழி ஒரு சாண் குறையும், அவ்வளவுதான். நடுவில் பிளந்தால் அந்தத் துண்டையே மாற்றிவிடுவது நல்லது. இழைகளே அறுந்து குறுக்கே முறிந்ததையும் வீட்டுப் பட்டறையில் தொட வேண்டாம். விமானத்தில் அத்தகைய முறிவை ஒட்ட, ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு 20 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ நீளமாகச் சரிவு செதுக்கி, அடுக்கடுக்காக இழை வைத்து, வெப்பத்தில் இறுக்குகிறார்கள்.

அடிக்குழாய்ப் பிளவை எடுத்துக்கொள்வோம். முதலில் அது எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டும். ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தால், மேற்பரப்பு சில நொடியில் காய்ந்துவிடும். கீறலுக்குள் இறங்கிய ஸ்பிரிட் மட்டும் கறுத்த மயிர்க்கோடாகக் கொஞ்ச நேரம் நிற்கும். அந்தக் கோட்டின் முனையில் ஒன்றரை மில்லிமீட்டர் துளை ஒன்றைத் துரப்பணத்தால் போடுகிறார்கள். பிளந்த குழாயில் இன்னும் ஓட்டை போடுவது முரணாகத் தோன்றலாம். கிரிஃபித் இங்கேதான் வருகிறார்: கீறலின் கூரிய நுனியில் குவியும் விசை, நுனி வட்டமானதும் பரவிவிடும், பிளவு மேலே ஓடாது.

பிறகு பிளவின் இரு பக்கமும் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்க்க வேண்டும். கறுப்புத் தூள் அதிகம் வந்தால் இழையையே தேய்க்கிறோம் என்று பொருள், நிறுத்திவிட வேண்டும். தண்ணீர் தொட்டுத் தேய்ப்பதும், முகக்கவசமும் கையுறையும் அணிவதும் கட்டாயம். கார்பன் சிலாம்பு விரலில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு. தேய்த்த இடம் சுத்தமாகிவிட்டதா என்று சொல்லும் சோதனை ஒரு கரண்டித் தண்ணீர். ஊற்றியது முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய்ப் பசை இருக்கிறது. ஒரே படலமாகப் பரவினால் பிசின் பிடிக்கும்.

நன்றாக உலர்ந்ததும், லேசான சூட்டில் தண்ணியாகிய எப்பாக்ஸியைப் பிளவின் மேல் விட்டால் தானாக உள்ளே இறங்கும். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை இதற்கு ஆகாது. முழுக்க ஊறுவதற்குள் கெட்டியாகிவிடும். அடுத்தது கட்டு. நிறையப் பேர் தவறுவது இங்கேதான். பிளவு நீளமாக இருக்கிறது என்பதற்காக, கார்பன் நாடாவை அதன் மேலேயே நீளமாக ஒட்டுகிறார்கள். அந்த இழையும் பிளவோடு இணையாக ஓடும். பிளவு திறப்பதை அது தடுக்காது. குழாயில் நீள இழைக்குப் பஞ்சமே இல்லை, இல்லாதது வளையம். ஆகவே பிசினில் நனைத்த நாடாவைக் குழாயைச் சுற்றிச் சுற்றி, பிளவின் இரு முனைகளையும் தாண்டிப் போகும்படி கட்ட வேண்டும். மூங்கிலுக்கு இருந்து கழிக்கு இல்லாமல் போன கணுவை வெளியிலிருந்து கொடுக்கிறோம். கடைசியில் பிளாஸ்டிக் நாடாவின் ஒட்டும் பக்கத்தை வெளியே வைத்து இழுத்துச் சுற்றினால், மிச்சப் பிசினும் காற்றுக் குமிழும் பிதுங்கி வெளியேறும்.

அறை வெப்பத்தில் ஒரு நாளில் இறுகும் எப்பாக்ஸி, பார்ப்பதற்குக் கல்லாக இருந்தாலும் 50, 60 டிகிரியை நெருங்கும்போது இளகத் தொடங்கும். வெயிலில் நிற்கும் வேனுக்குள் ஒரு கறுப்புக் குழாய் அந்தச் சூட்டை எட்டுவது கஷ்டமில்லை. முதல் இறுக்கத்துக்குப் பிறகு, தயாரிப்பாளர் சொல்லும் அளவுக்கு மிதமான சூட்டில் சில மணி நேரம் வைத்தால் இளகும் வெப்பநிலை மேலே ஏறும். கட்டுப் போட்ட முதல் கோடையில் கழியை வேனில் விட்டுவைக்காமல் இருப்பதும் உதவும்.

கட்டுக்கும் பிசினுக்கும் சம்பந்தமில்லாத ஓர் அபாயத்தைச் சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் 33,000 வோல்ட் வரையுள்ள கம்பிகள் சாலையைக் கடக்கும் இடத்திலும் தரையிலிருந்து 5.8 மீட்டர் உயரத்தில் இருந்தால் சட்டப்படி போதும். கழி அதைப் போல இரண்டு மடங்கு நீளம், கார்பன் மின்கடத்தி, கூடவே ஈரம். கம்பி எங்கே ஓடுகிறது என்று பார்த்த பிறகே கழியை நீட்ட வேண்டும்.

பழுதுபார்த்த குழாயை உடனே முழு நீளத்துக்கு ஏற்றக் கூடாது. இரண்டு மூன்று நாள் தாழ்ந்த ஜன்னல்களில் வேலை வாங்கிவிட்டு, மறுபடி நாணயத்தால் சுற்றிலும் தட்டி, கட்டின் இரு ஓரங்களையும் ஸ்பிரிட்டால் துடைத்துப் பார்க்க வேண்டும். கோடு தெரியாவிட்டால் கழியை மேல்மாடிக்குக் கொண்டுபோகலாம். கட்டைத் தாண்டி மயிர்க்கோடு ஒன்று கறுத்து நின்றால், புதுத் துண்டு வாங்க வேண்டியதுதான்.